மற்றவை

டாக்டர் டெ ரைக்கர் ஒரு குறிப்பேடு கொடுத்தார்.
மாதத்துக்கு ஒரு பக்கம்.
வலி தொடங்கிய நேரம், எந்தப் பக்கம்,
துடிப்பா, அழுத்தமா, குத்தலா,
பத்துக்கு எத்தனை.
என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு தூங்கினீர்கள்,
காற்று எப்படி.
கடைசிக் கட்டத்துக்கு 'மற்றவை' என்று பெயர்.

நேர்மையாகத்தான் நிரப்பினேன்.
மூன்றாம் தேதி, காலை ஐந்தரை, இடது பொட்டு, எட்டு.
பத்தாம் தேதி, அதே நேரம், அதே பொட்டு, ஒன்பது,
வாந்தி.
பழைய சீஸாக இருக்கலாம் என்று எழுதி
சீஸை நிறுத்தினேன்.
சிவப்பு ஒயினை நிறுத்தினேன்.
ஹில்டெ மூன்று தலையணை மாற்றிப் பார்த்தாள்,
ஜன்னலுக்குக் கறுப்புத் திரை தைத்தாள்.
'மற்றவை'யில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை.
அது வெள்ளையாகவே கிடந்தது.
ஒருவகையில் அதுவே பதில்.

ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரத்தில் என் நாற்காலி.
காலடியில் கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே கப்பல்.
பச்சை வாழைப்பழம்
குளிரில் உறங்கியபடி கடல் தாண்டி வரும்.
தூக்குவேன், திருப்புவேன், கரையில் வைப்பேன்.
எதற்குள் பழம் மட்டும்,
எதற்குள் பழத்தோடு வேறொன்று,
கிரேனுக்குத் தெரியாது.
புதன்கிழமை நான் இறக்கியதையே
சனிக்கிழமை நான் காசு கொடுத்து வாங்கியிருக்கலாம்.

முதல் தடவை ஒரு தலைவலிக்காகத்தான்.
இரவு ஷிப்ட், பனிமூட்டம்,
கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி இறக்குகிறார்கள்.
கழிப்பறை மூடிமேல் கோடு கிழித்து
"போட்டுப் பார், ஓடிவிடும்" என்றான் யெல்லே.
ஓடிவிட்டது.
அதுதான் வினை.
ஓடாமல் இருந்திருந்தால்
அவனைத் திட்டிவிட்டு ஒரு காப்பி குடித்திருப்பேன்.

பன்னிரண்டு வருஷம்.
ஏறும்போது வலி இல்லை.
இறங்கும்போது, சுருங்கிக் கிடந்த நரம்பெல்லாம்
ஒரே நேரத்தில் கதவைத் திறக்கும்.
தலைவலி போய்த் திருகுவலி வந்தது என்பார்கள்.
எனக்குத் தலைவலி போய்த்
தலைவலியே வந்தது,
இன்னும் கொஞ்சம் வளர்ந்து,
வீட்டு முகவரி தெரிந்துகொண்டு.

"அடுப்பில் கெட்டில் வைத்தாயா?"
நடுராத்திரியில் எழுந்து கேட்டாள் ஹில்டெ.
என் மூக்குதான்.
இரண்டு துவாரத்துக்கும் நடுச்சுவரில் ஓர் ஓட்டை,
மூச்சு அதன் வழியாக விசிலடிக்கிறது.
"ஆமாம், வைத்தேன்" என்றேன்.
எழுந்துபோய் அடுப்பை அணைப்பதுபோல்
சமையலறையில் கொஞ்ச நேரம் நின்றேன்.

நான்காம் மாதம்
டாக்டர் பக்கங்களைப் புரட்டினார்.
வலி எழுதியிருந்த நாள்களை அவர் பார்க்கவே இல்லை.
வலி இல்லாத நாள்களில் விரல் வைத்தார்.
'இன்று வலி இல்லை!!'
'சுத்தமாக இல்லை!!!'
எழுத்து கட்டத்தை விட்டு வெளியே ஓடி
அடுத்த வாரத்துக்குள் நுழைந்திருந்தது.
"சனிக்கிழமைகளில் மட்டும்
ஏன் இத்தனை ஆச்சரியக்குறி?" என்றார்.

விளக்கு இரைந்தது.
வெளியே டிராம் ஒன்று வளைவில் கிறீச்சிட்டது.
"இது கம்பெனிக்குப் போகுமா?"
"போகாது."
பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.
பன்னிரண்டு வருஷத்துக்கு
அந்தக் கட்டம் மிகச் சிறியது.
ஒரு சொல் எழுதினேன்.
எழுத்துப்பிழையோடு.

கிரேனை நானே கேட்டு விட்டுக்கொடுத்தேன்.
இப்போது கிடங்கில் சீட்டு ஒட்டுகிறேன்.
நிறுத்தினால் முதலில் வலி கூடும் என்று சொல்லியிருந்தார்.
கூடத்தான் கூடியது, அவர் சொன்னதைவிட.
ஹில்டெயிடம் கெட்டில் விஷயத்தைச் சொன்னேன்.
தெரியும் என்றாள்.
எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை, மாலை ஆறு.
இரண்டு பொட்டும். ஏழு.
ரொட்டி, சூப். நான்கு மணி நேரத் தூக்கம்.
ஆற்றுப் பக்கமிருந்து காற்று.
மற்றவை: இல்லை.

வெறுமனே விடாமல்
எழுதியே வைத்தேன்.