ங வரிசைக்குக் காகிதம்

டலா படித்துறைக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை.
பக்கம் நூறு கியாட்.
இரண்டு பக்கமும் என்றால் கொஞ்சம் குறைப்பேன்.
கரண்ட் எப்போது வரும் என்று மட்டும்
என்னிடம் கேட்காதீர்கள்.

ஞாயிறு மாலை தைலம்மை வந்தாள்,
தையல் ஆலையின் நூல்பிசிறு
இன்னும் விரலில் ஒட்டியிருக்க.
பிளாஸ்டிக் பைக்குள் ஒரே ஒரு புத்தகம்.
கப்பலில் வந்தது, மூலை நைந்தது.
பதினேழு பிள்ளைகளுக்குப் பதினேழு பிரதி.

புரட்டிப் பார்த்தேன்.
ஒ, ஒட்டகம்.
"மூட்டையை இறக்க மறந்த மாடுன்னு சொல்றாங்க."
ஔ, ஔடதம்.
அந்தச் சொல்லை நானே
எந்த மருந்துக்கடையிலும் கேட்டதில்லை.

அப்புறம் ங.
படம் கிடையாது.
கல்யாண வீட்டில் யாரும் பேச்சுக் கொடுக்காத
விருந்தாளி மாதிரி
கட்டத்துக்குள் தனியாக உட்கார்ந்திருந்தது.
கீழே பொடி எழுத்தில் 'சங்கு'
என்று போட்டு
நடுவில் ஒளித்து வைத்திருந்தார்கள்.

"இந்தப் பக்கத்தை விட்டுடுங்க டீச்சர்.
ங, ஙா, ஙி... ஒரு வார்த்தையையும்
ஆரம்பித்து வைக்காத வரிசை.
பதினேழு தாள் மிச்சம்."
அவள் கையில் இருந்த நோட்டுகளை எண்ணிவிட்டு
சரி என்றாள்.

கூட வந்த இரண்டு பேரில் ஒருத்தி
கவுண்டர்மேல் எம்பினாள்.
வீட்டில் அங்கம்மா,
பள்ளிப் பதிவேட்டில் கைங் ஸின்.
கன்னத்துத் தனக்கா வியர்வையில் பாதி கரைந்திருந்தது.
விரலை வைத்தாள்.
"ஙா."
இன்னொரு முறை, குரலை மேலே ஏற்றி, நீட்டி:
"ஙா! இது மீன்!"

மூன்று மாதமாக எந்தப் பக்கத்திலும்
வாய் திறக்காதவள் அவள் என்று
தைலம்மை பிற்பாடு சொன்னாள்.
அப்போது எனக்குத் தெரியாது.
தாளை அழுக்காக்குகிறாளே என்றுதான் பார்த்தேன்.

"ஙாயான்! எங்கப்பா நேத்துப் பிடிச்சாரு,
இத்தாம் பெரிய விரால்" என்றான் சடையன்.
ஙாப்பி என்றதும் இருவரும்
மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்,
தினமும் தின்பவர்கள்தான்.
ஙயோ, மிளகாய்.
உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்:
அஞ்சும் ஙாதான்.
ஙோ என்றால் அழு.

"ஙலின்" என்றான் பையன்.

யாரும் சிரிக்கவில்லை.
அந்தப் பங்குனியில் என் அலமாரியிலிருந்து
காகிதக் கட்டுகள் தாமாகக் குதித்தன.
அவனுக்கு என்ன ஞாபகம் வந்ததோ.
"நிலநடுக்கம்" என்றாள் தைலம்மை, மெல்ல.
தமிழில் ஏழு எழுத்து.
அவன் மூன்றில் முடித்திருந்தான்.

எத்தனை நூற்றாண்டு
வேலையில்லாமல் இருந்த எழுத்தோ,
டலா மீன்சந்தையில் அதற்கு
ஒரே சாயங்காலத்தில் வேலை கிடைத்தது.

வேறே? என்றாள் டீச்சர்.
அங்கம்மா யோசித்தாள்.
விரல் தாளை விட்டு நகர்ந்து
தன் நெஞ்சில் போய் நின்றது.
இந்த முறை குரல் தாழ்ந்து:
"ஙா."
தோழிகளிடம் மட்டும் சொல்கிற நான்.

வெள்ளைத்தாள் ஒன்றை வெட்டி
சங்கின்மேல் ஒட்டினேன்.
அவள் மீன் வரைந்தாள், மீசையோடு.
பக்கத்தில் கோணலாக: ஙா, மீன்.
மீ-யின் சுழி மட்டும்
மூன்று தடவை அழித்தெழுதியது.

"கோயில் கமிட்டி இதைத் தமிழ்னு ஒத்துக்குமா?"
கமிட்டிக்குப் பழைய பக்கம்
ஒரு பிரதி தனியாகப் போட்டுத் தருகிறேன்,
காசு வேண்டாம் என்றேன்.
என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்
எனக்கே ஆச்சரியம்.

பதினோராவது பிரதியில் கரண்ட் போனது.
பாதி மீன் இயந்திரத்துக்குள்.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை.
இருட்டுக்குள்ளிருந்து யாரோ,
சடையனாக இருக்கலாம்,
ச-வைத் தாண்டிக் குதித்துச் சொன்னது:
"ஞ."
பர்மியில் இரவுக்கு
அவ்வளவுதான் பெயர்.

கைபேசி வெளிச்சத்தில்
மிச்சத் தாள்களை எண்ணினேன்.
போதாது.