பத்துக்கு எத்தனை

முன்பு கோலெட்டின் முழங்காலுக்கு
அறுபது கொடுத்தார்கள், இதே மருத்துவமனையில்.
எட்டு விழுங்கினாள்.
மீதி ஐம்பத்திரண்டு குளியலறை அலமாரியில்,
இருமல் மருந்துக்குப் பின்னால்.
அதை எண்ணியது நாங்கள் இல்லை,
எங்கள் மகன் லூசியன்.

இப்போது என் தோள்.
மேய்ன் கடலில் முப்பது வருஷம்
சிங்கி இறால் கூண்டு இழுத்த தோள்.
கழுத்தோரம் ஊசி போட்ட டாக்டர் ஸ்டர்ஜிஸ்
"நரம்பைத் தூங்க வைக்கிறேன்,
விடியும்வரை இந்தக் கை உங்களுடையதில்லை" என்றாள்.
உண்மைதான். மடியில் கிடந்தது,
அடுத்த படகுக்காரனின் மீன் போல.

எழுதிக் கொடுத்தது ஐந்து மாத்திரை.
"ஐந்துதானா?" என்றாள் மருந்துக்கடை ரோக்ஸேன்.
அப்புறம் சீட்டில் பெயரைப் பார்த்தாள்.
சின்ன ஊர்.

ஃபிரிட்ஜ் கதவில் கோலெட் ஒட்டிய தாள்:
ஆறுக்கு வெள்ளை, ஒன்பதுக்குப் பழுப்பு,
பன்னிரண்டுக்கு மறுபடி வெள்ளை,
நடுவே ஐஸ் பை, இருபது நிமிஷம்.
அந்த ஐந்தும் அவள் கோட்டுப் பையில்.
படுக்கும்போதும் கோட்டைக் கழற்றவில்லை.

ராத்திரி இரண்டே முக்காலுக்கு நரம்பு விழித்தது.
கதவைத் தட்டாமல் வந்தது வலி,
பூட்ஸ்கூடக் கழற்றாமல் வீடெல்லாம் நடந்தது.
பத்துக்கு எத்தனை என்று யாராவது கேட்டிருந்தால்
பன்னிரண்டு என்றிருப்பேன்.
சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து
பனி வாரும் வண்டியின் மஞ்சள் விளக்கு
சுவரில் போவதையும் வருவதையும் பார்த்தேன்.
கெட்ட வார்த்தைகள் தீர்ந்துபோயின,
பிரெஞ்சிலும்.

நாலு மணிக்கு "ஒன்று கொடு" என்றேன்.
கொடுத்தாள். டாக்டரே சொல்லியிருந்தாள்,
தாங்கிக் காட்ட இது பந்தயமில்லையென்று.

அரை மணியில் வந்தது அந்தச் சூடு.
நெஞ்சுக்குள் யாரோ
கம்பளியை மெல்ல இழுத்துப் போர்த்தினார்கள்.
இதுவா, லூசியன்.
இவ்வளவு இதமா.
பதினொரு வருஷமாக அவன்மேல் வைத்திருந்த கோபம்
உட்கார இடமில்லாமல் நின்றது.
"உனக்கும் இப்படித்தான் இருந்ததா?"
கோலெட் ஐஸ் பையை மாற்றினாள்.

வெள்ளிக்கிழமை,
ஷெரிஃப் அலுவலகத்து நீலப் பெட்டியில்
மீதி நான்கையும் ஒவ்வொன்றாகப் போட்டாள்.
நாலு சத்தமும் கேட்டதா என்று
காதைத் தகரத்தில் வைத்துப் பார்த்தாள்,
கன்னம் சிவக்கும்வரை.

திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள்.
பாலம் தாண்டியதும் கேட்டாள்: எத்தனை?
ஆறு என்றேன்.
பள்ளத்தில் வண்டி இறங்கியது.
ஏழு.