ஓடாதவனின் கணக்கு

டொக்யார்ட் வீதி மாடியறை, பின்னிரவு மூன்று.
அமெரிக்கக் கல்லூரி ஆட்டமொன்றை
நிறுத்தி நிறுத்தி எண்ணுகிறேன்,
ஆட்டத்துக்கு எண்ணூறு ரூபாய்.

பன்னிரண்டாம் எண்காரனை
பந்து கைவிட்டுப் போகுமுன்
ஆறு தடவை சாய்த்துவிட்டார்கள்.
நாற்பத்தொரு கெஜம் நட்டம்.
அதை எறிந்ததில் சேர்க்காதே,
ஓடியதில் கழி என்கிறது விதி.

அவன் எங்கே ஓடினான்?
நின்றான்.
யாராவது கைதூக்குவார்களா என்று
பார்த்துக்கொண்டே நின்றான்.

எறிதல் பத்தியில் அவன் சராசரி
குளித்துத் தலைவாரியதுபோல் இருக்கிறது.

பின்னோக்கி ஓட்டினேன்.
இடப்பக்கம் காத்துநின்ற எழுபத்துநாலு
ஆறுதரமும் வழுக்குகிறான்.
அவனுக்குப் பத்தியே இல்லை.

கீழே, பூட்டிய கடைவாசலில்
ஒரு மான்
பொலித்தீன் பையை மெல்லுகிறது.

குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
எழுபத்துநாலு. புல் ஈரம்.
கட்டம் சிவந்தது,
எண்களை மட்டும் இடவும்.