9.43

அந்த எண்ணை நான்தான் போட்டேன்.
அளக்கவில்லை. போட்டேன்.

செப்டம்பர் இருபத்தொன்பது. சிக்குன்குன்யா.
விரல் மூட்டு ஒவ்வொன்றிலும் ஆணி.
மாதக் கடைசிக்குள் நாற்பத்திரண்டு கண்காணிப்புக் கிணறுகள்,
நாற்பத்தொன்று முடித்திருந்தேன்.
மிச்சம் பள்ளத்தூரில்
பூட்டிய வீட்டின் பின்கட்டில் ஒன்று.

போன வருடம் இதே மாதம் 9.62.
அதற்கு முந்தி 9.15.
நடுவில் எங்காவது இருக்கும்.
9.40 என்றால்
உட்கார்ந்த இடத்தில் எழுதியது தெரிந்துவிடும்.
கூட ஒரு மூன்று வைத்தேன்.
வெயிலில் நின்று அளந்தவர்கள்தான்
மூன்றில் முடிப்பார்கள்.

மூன்று தடவை தேர்வெழுதி வாங்கிய வேலை.
ஆணை வந்த அன்று அப்பா கேட்டார்,
ஃபேனுக்கு அடியில்தானே?
ஸ்கூட்டிக்கு மேலே, அப்பா.
காலடியில் நாடாச் சுருள்,
தண்ணீரைத் தொட்டால் கீ என்று கத்தும்.
கத்திய இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கி
கைப்பிடிச் சுவரின் முக்கால் மீட்டரைக் கழித்து
எழுதவேண்டும். அவ்வளவுதான்.
அளந்தவர்: சூ. ரோஸ்லின், உதவி நிலவியலாளர்.
தெருவில் எனக்குப் பெயர்
தண்ணிக்கு ஜுரம் பாக்குற பொண்ணு.

அக்டோபரில் போனேன்.
முதல் மழை செம்புரை மண்ணை நனைத்து
சக்கரத்தில் அப்பியிருந்தது.
அடைக்கலம் சாவிக் கொத்தோடு வந்தார்.
கைப்பிடிச் சுவர் அப்படியே இருந்தது,
அதில் நான் அடித்த மஞ்சள் குறியும், எண்ணும்.
நாடாவை விட்டேன்.
ஒரு மீட்டர் பத்தில் தளர்ந்தது.
கத்தவில்லை.

எட்டிப் பார்த்தேன்.
செங்கல், காரை, உத்திரத் துண்டு,
ஒரு பீங்கான் கைகழுவும் தொட்டி
வானத்தைப் பார்த்தபடி.

“பிள்ளையார் சதுர்த்தி கழிச்சு தூர்த்தாச்சும்மா.
பக்கத்து வளவு இடிச்சாங்கள்ல,
பதினேழு டிராக்டர் லோடு.
போன மாசம் வருவீங்க, சொல்லலாம்னு இருந்தேன்.”

நான் 9.43 எழுதிய ராத்திரி
அங்கே கிணறே இல்லை.

ஆபீஸில் மேஜைமேல்
தண்ணீர் பாட்டில் கம்பெனிக்காரன் கோப்பு,
தடையில்லாச் சான்று கேட்டு.
நாலாம் பக்கம், பச்சை மையில்:
அருகமைக் கிணற்றில் நீர்மட்டம் 9.43.
கடந்த ஆண்டைவிடச் சற்றே உயர்வு.

உதவி இயக்குநர் கணினியைத் திருப்பிக் காட்டினார்.
செப்டம்பர் கட்டங்கள் சாம்பல் நிறத்தில்.
“செப்டம்பரை மூடியாச்சும்மா.
இந்த மாசத்துலேருந்து
கைவிடப்பட்டதுன்னு போட்டுருங்க.”
கிணற்றையும் அப்படித்தான் சொன்னார்கள், மூடியாச்சு என்று.
சிரிப்பு வந்தது. அடக்கினேன்.

இரண்டு நாள் பையில் கிடந்தது கடிதம்.
மேற்படி அளவு களத்தில் எடுக்கப்படவில்லை
என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.
‘என்னால்’ என்ற சொல்லை
எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன்.
தபால் பிரிவில் வள்ளிக்கண்ணு முத்திரை குத்தும்போது
வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.
“17 அ வரும்டி.”
வரட்டும் என்று சொல்லத் தைரியம் இல்லை.
நகலில் தேதி தெளிவாக விழவில்லை,
இன்னொரு தடவை குத்து என்றேன்.

கம்பெனிக் கோப்பு எந்த மேஜையில் இருக்கிறதோ,
என்னிடம் திரும்பி வரவில்லை.

மாற்றுக் கிணறு வேண்டும்.
அடைக்கலம்தான் காட்டினார்,
இருநூறடி தள்ளி, ஒரு மாவு மில்லுக்குப் பின்னால்,
வேப்பஞ்சருகு மிதக்கும் வட்டக் கிணறு.
மஞ்சள் பெயின்ட் டப்பா திறந்து
புதுக் குறி வைத்தேன்.
காயும்வரை நிற்க முடியாமல் நாடாவை விட்டேன்.

ஒன்பது தாண்டியது.
பத்து.
பன்னிரண்டில் சுற்றுச்சுவரில் உரசிச் சத்தம் கேட்டது,
அது தண்ணீர் இல்லை.
மில் நின்றிருந்தது, கரண்ட் இல்லை.

கழித்துப் பார்த்தால் 14.08.
சுருட்டி மறுபடியும் விட்டேன்.
14.08.
பெயின்ட் ஒட்டிய கட்டைவிரலோடு
எழுதிய இடத்தில் மஞ்சளாக
பாதி ரேகை.