நகராத புள்ளி

தெங்குமரஹாடா தாண்டியதும்
கோவையின் குரல் பாதிச் சொல்லில் அறுந்தது.
தொட்டபெட்டா குறுக்கே நிற்கிறது,
யாரைக் குற்றம் சொல்ல?
நான்காயிரத்து ஐந்நூறு அடி, மாயாற்றுக்கு மேல்,
இரண்டு பேர், ஒரு பழைய செஸ்னா.
இனி வழி சொல்ல ஆளில்லை.

பொத்தானை அழுத்திச் சொல்கிறேன்:
மாயாற்றுப் பக்கம் பறக்கும் எவருக்கும்,
வெள்ளை விமானம், கிழக்கிலிருந்து மேற்கே,
மலைச்சுவர் எனக்கு இடப்பக்கம்.
இரைச்சல்தான் பதில்.
ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அதையே.

கல்லாறு ஏறும் பேருந்தில் போயிருப்பீர்கள்.
கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால்
டிரைவர் ஹாரனை அமுக்குவார்,
எதிரே ஒரு மாடுகூட இல்லாத நாளிலும்.
அதே வேலைதான் இதுவும்.
வளைவு எங்கே என்றுதான்
இங்கே தெரியாது.

பின்னால் சுகிர்தம்
நீர்மருது உச்சிகளில் பாறுக் கூடு எண்ணுகிறாள்.
வனத்துறைப் படிவம், பென்சில், தொடையில் பைனாகுலர்.
வெப்பக் காற்றில் பாறுகள் மேலேறிச் சுழல்கின்றன.
அவற்றிடம் எனக்குப் பயமில்லை:
கண்ணாடியில் இடம் மாறிப் போவது எதுவும்
என்னை வந்து தொடாது.

கண்ணாடியில் ஒரு கறை.
பூச்சி அடித்த கறைகள் ஏற்கெனவே நாலைந்து உண்டு.
தலையைச் சாய்த்துப் பார்த்தேன்.
பூச்சிகள் மலைமேல் ஊர்ந்தன.
இது மட்டும்
மசினகுடியை விட்டு நகரவில்லை.

மிளகு.
நகரவில்லை.
சுண்டைக்காய்.
நகரவில்லை, பெருத்தது.
பிறகு அதற்கு இறக்கை இருந்தது.

நேருக்கு நேர் வந்தால்
இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும்.
எனக்கு வலப்பக்கம் தலமலை வரை வெறும் வானம்.
அவருக்கு வலப்பக்கம் பாறை.
சட்டம் இருவருக்கும் ஒன்று,
இடம் ஒன்றல்ல.

அவர் பங்கையும் சேர்த்து நானே திரும்பினேன்.
வானம் சரிந்தது. பென்சில் எங்கோ விழுந்தது.
இடது ஜன்னலில் நீலக்கோடு போட்ட ஒரு வால்,
ஒரு தொப்பி,
அவ்வளவுதான்.

நேராக்கிய பிறகும் கை நடுங்கியது.
அப்போதுதான் ரேடியோவில் இருமல்.
"மன்னிச்சிருங்க, வேற அலைவரிசையில இருந்தேன்."
என்னைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.
"பார்த்தேன்."
எப்போது?
கொஞ்சம் இரைச்சல்.
"நீங்க திரும்பின பிறகுதான்.
இறக்கை பளிச்சுன்னு மின்னுச்சு.
அதுவரைக்கும்
கண்ணாடியில ஏதோ அழுக்குன்னு
துடைச்சிட்டிருந்தேன்."

அதன்பின் சீகூர் வரை
இருவரும் இருக்கும் இடத்தை
தேவைக்கு மேல் சொல்லிக்கொண்டே போனோம்.

இறங்கியபின் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.
சுகிர்தத்தின் எழுத்து ஒரு வரியில் மட்டும் கோணியிருந்தது.
பாறு: பதினொன்று.
கூடு: நான்கு.
மற்றவை: ஒன்று.