ஒன்றாம் ஆட்டக்காரர்

பரேலில் இடிக்கவிருந்த கட்டடத்திலிருந்து
பதினாறு லிஃப்ட் பட்டன் கழற்றி வந்தேன்.
ஏழாம் மாடி மட்டும் எண் தேய்ந்து வழுக்கை.
'இதைக் குத்துக்கு வை' என்றாள் முப்பிடாதி,
'வாங்கிப் பழகினது.'

பெட்டி அறுத்தாயிற்று, ஸ்டிக் பொருத்தியாயிற்று.
விரல் சொல்வதைக் கம்ப்யூட்டருக்கு எடுத்துச் சொல்ல
ஒரு பலகைதான் பாக்கி.

முதலில் பழைய கீபோர்டின் வயிற்றைக் கிழித்து ஒயர் ஒட்டினேன்.
காசு மிச்சம்.
ஆனால் மூன்று பட்டன் சேர்ந்து அமுங்கினால்
யாரும் தொடாத நான்காவது ஒன்றும்
தானே அமுங்கியது.
அவள் ஆள்மேல் விழுந்த அந்த உதைக்காக
இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

லேமிங்டன் ரோட்டில் மழை.
அட்டைப்பெட்டியில் 'ஜீரோ டிலே' என்று போட்டிருந்தது.
தாமதமே கிடையாதா?
'பேர்தான் சாப்' என்றார் கடைக்காரர்.
அழுத்தியதற்கும் வந்து நிற்பதற்கும் நடுவே
மனுஷர்கள் எத்தனை தரம் மறுபடி அழுத்துவார்கள் என்று
லிஃப்ட்காரனுக்குச் சொல்ல வேண்டுமா.

இன்னொன்று, விலை கூட.
இருவருக்கும் ஒரே பலகை,
எல்லாப் பட்டனும் ஒரே கறுப்பு ஒயரில் கோத்து.
நடுவே ஒரு முடிச்சு விட்டால்
அதற்கப்புறம் இருப்பதெல்லாம் ஊமை.

மலிவில் ஆளுக்கொன்று வாங்கலாம்.
'ஒரு தொல்லை' என்றார்.
'ரெண்டும் ஒரே பேரைத்தான் சொல்லும்.
மெஷின் போடும்போது எது முந்துதோ
அது ஒண்ணு.
இன்னிக்கு நீங்க, நாளைக்கு வீட்டம்மா.'

நைட் ஷிஃப்ட் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டேன்.
ராத்திரி முழுக்க ஹெட்செட்டில் மோனிகா என்று
பேர் சொல்லிக் களைத்த தொண்டை.
'எவ்வளவு மிச்சமாகும்?'
நானூறு.
'மலிவானதில் ரெண்டு வாங்கு.
ரேஷன் கார்டில் நீ ஒண்ணு,
கரண்டு பில்லில் நீ ஒண்ணு.
இதையாவது அது சொல்லட்டும்.'

வாங்கி வந்து முடுக்கினேன்.
திரையில் சிவப்புச் சட்டை ஒருத்தன், நீலம் ஒருத்தன்.
யார் யாரென்று தெரியவில்லை.
வழுக்கைப் பட்டனை அவள் ஒரு தட்டுத் தட்டினாள்.
சிவப்பு குத்தினான்.
'நான்தான்!'

அதற்குள் கீழே கேப் ஹாரன்.
லிஃப்ட் இல்லாத எங்கள் கட்டடத்தில்
நாலு மாடியும் தடதடவென்று இறங்கிப் போனாள்.
நீலம் அங்கேயே
காலை மாற்றி மாற்றி வைத்து நின்றுகொண்டிருந்தான்.