இரண்டாவது பத்திரம்

வக்கீல் ஹேமாவதி ஏழாயிரம் கேட்டார்.
ஆறாயிரத்துக்கு இறங்கியது
தெய்வேந்திரன் பேசியதால் அல்ல,
நான் எழுந்துவிட்டதால்.

"கோர்ட்டில் இது நிற்கும் என்று
நான் எழுதித் தர மாட்டேன்" என்றார்.
நிற்குமோ நிற்காதோ, ஆறாயிரம்.
உபதலையில் என் இருபத்திரண்டு சென்ட்
அரை வருடம் கொழுந்து கொடுத்து
கூலி, உரம் போக
மிச்சம் வைப்பது அவ்வளவுதான்.

தாலி கட்டுமுன்னே கத்தரிக்கோலா என்று
ஃபோனில் சிரித்தாள் அவர் அக்கா.
என் முதல் கல்யாணத்துக்கு ஒப்பந்தம் கிடையாது.
வக்கீல் செலவு ஒரு பைசா ஆகவில்லை.
பதினொரு பவுன்.
அடகுச் சீட்டு மட்டும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

நஜ்மா தட்டத் தொடங்கினாள்.
இதற்கு எல்லை: பெள்ளி தோட்டத்துக்கு வடக்கு,
ஓடைக்கு மேற்கு.
காலையில் அந்த எல்லைக்கல்லில்
முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்ற காட்டெருமை
யார் பங்கில் வரும் என்று கேட்டார் தெய்வேந்திரன்.
யாரும் சிரிக்கவில்லை.

அடுத்து அவர் பக்கம்.
பச்சை இலை ஏற்றும் வண்டி,
பாதி இன்னும் ஃபைனான்ஸுக்குச் சொந்தம்.
தொண்டையைச் செருமிக்கொண்டு
"கூட்டுறவு சங்கத்தில் ஒரு லட்சத்து எண்பது" என்றார்,
வக்கீலைப் பார்த்து.
எனக்கு அவரை மூன்று வருடமாகத் தெரியும்.

வாசித்துப் பார்த்தோம்.
'இருவரும் பிரிந்தால்' என்றிருக்க வேண்டிய இடத்தில்
'இருவரும் பிறந்தால்'.
நஜ்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
"இருக்கட்டுமே" என்றார் அவர்,
அன்று முதல்முறையாக என்னைப் பார்த்து.

"பிழை. திருத்தணும்."
முத்திரைத்தாளில் அடித்து எழுதக்கூடாதாம்.
இன்னொரு நூறு ரூபாய்த் தாள்.
விற்கிறவர் சாப்பிடப் போயிருந்தார்,
மூன்று மணிக்குத்தான் வருவார்.

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் தூறல்.
டீக்கடைத் தகரத்தடியில் நின்றபடி சொன்னார்:
அவளுக்கு டயாலிசிஸ்,
வாரத்துக்கு இரண்டு தடவை கோயம்புத்தூர்,
பதினாலு மாதம்.
வட்டி எவ்வளவு என்று மட்டும் கேட்டேன்.
"பன்னிரண்டு."
என் கையிலிருந்த வர்க்கி
ஊறி, உடைந்து, டீக்குள் போயிற்று.
தன் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.
குடித்தேன்.

மூன்றரைக்குக் கையெழுத்து.
நோட்டரிக்கு முந்நூறு,
'பிரிந்தால்' இப்போது சரியாக இருக்கிறதா என்று
இருவருமே விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான்.

பழைய தாளைக் கசக்கப் போனாள் நஜ்மா.
"கொடு" என்று வாங்கி
நாலாக மடித்துப் பையில் வைத்தேன்.
எதற்கு என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்,
நூறு ரூபாய் ஆயிற்றே.